எல்லாருக்கும் போன மெயில்

திருப்பூரில் அப்போதெல்லாம் முதலாளிகள் கம்ப்யூட்டரில் மெயில் படிக்க மாட்டார்கள். வந்த மெயிலையெல்லாம் காலையில் ஒருத்தி பிரிண்ட் எடுத்து, ஓட்டை போட்டு, ஃபைலில் கோத்து மேஜை மேல் வைக்க வேண்டும். முதலாளி வந்து சாமி படத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, காபியைக் குடித்தபடியே ஃபைலைப் புரட்டுவார். பதில் சொல்ல வேண்டியதற்கு ஓரத்தில் பேனாவால் இரண்டு வார்த்தை கிறுக்குவார். அந்த இரண்டு வார்த்தையை ஒழுங்கான இங்கிலீஷாக்கி ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் அனுப்புகிறவளுக்கு ஆபீசில் பெரிய பெயர் ஒன்றும் கிடையாது. மெயில் பார்க்கிற பொண்ணு, அவ்வளவுதான்.

ஆறுச்சாமியின் பனியன் கம்பெனியில் அந்தப் பொண்ணு ரோஸ்மேரி. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து டைப்ரைட்டிங் சர்ட்டிபிகேட்டோடு வந்து இறங்கியவள். கல்யாணம் கூடி வராமல் முப்பத்தைந்தைத் தாண்டிய பிறகும் அவள் பொண்ணாகவே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற நாளெல்லாம் கம்பெனி, நடுவில் அனுப்பர்பாளையத்தில் லைன் வீட்டு ஒற்றை அறை. இப்படியே போயிருந்தால் அவளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. அவள் ஒரு குரூப் ஆரம்பித்ததால்தான் இந்தக் கதை.

இரண்டாயிரத்து ஒன்றில் ஆரம்பித்தாள். மற்றக் கம்பெனிகளில் மெயில் பார்க்கிற பெண்களும் பையன்களும் அவளுக்குப் போனில் பழக்கம். எல்லாருக்கும் ஒரே தலைவலி என்பதை அவள் கண்டுகொண்டாள். துவைத்தால் துணி சுருங்குகிறது, சாம்பிளில் இருந்த நிறம் மொத்தமாகச் சாயம் போட்ட லாட்டில் வரவில்லை, துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையர் கேட்கிற கேள்வி புரியவில்லை. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு ஆபீசில் தனியாக உட்கார்ந்து முழித்துக்கொண்டிருந்தார்கள். யாஹூவில் இலவசமாகக் குரூப் ஆரம்பிக்கலாம் என்று கேள்விப்பட்டு ஒன்றை உண்டாக்கினாள். ஒரே விலாசத்துக்கு மெயில் போட்டால் அது குரூப்பில் இருக்கிற அத்தனை பேருக்கும் போய்ச் சேரும். அதற்கு ஒருவர் பதில் போட்டால் அதுவும் அத்தனை பேருக்கும் போகும். விஷயம் இவ்வளவுதான்.

இவ்வளவு போதுமாக இருந்தது. ஊரில் எந்த ஆபீசிலும் மற்ற வெப்சைட்டைத் திறக்க விடமாட்டார்கள், பிள்ளைகள் சினிமாப் படம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்களாம். மெயிலை மட்டும் அடைக்க முடியாது. அடைத்தால் ஆர்டர் எப்படி வரும்? அந்தச் சின்னச் சந்துக்குள்தான் ரோஸ்மேரியின் குரூப் நுழைந்தது. ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர்கள் சேர்ந்தார்கள், துணி வெட்ட அளவு போடுகிற பேட்டர்ன் மாஸ்டர்கள் சேர்ந்தார்கள், சாயப்பட்டறை லேப்பில் வேலை பார்க்கிற பெண்கள் சேர்ந்தார்கள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்து, சந்தேகத்தைக் கேட்டார்கள்.

ஒரு தடவை ஏற்றுமதிக்கு ரெடியாக இருந்த வெள்ளைச் சட்டைகளில் காலரின் நீலம் இறங்கிவிட்டது. அழாக்குறையாக ஒரு பெண் காலையில் மெயில் போட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் ரத்தினசாமியிடமிருந்து பதில் வந்தது, என்ன சோப்பில் எவ்வளவு சூட்டில் அலச வேண்டும் என்று. ரத்தினசாமி சாயம் போடுகிற டையிங் மாஸ்டர். மூலனூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். அவருக்கு மெயில் விலாசம் உண்டாக்கிக் கொடுத்ததே ரோஸ்மேரிதான். வீட்டுக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டுவார். அவருக்குத் தெரிந்தது ‘ரிப்ளை’ பட்டன் ஒன்றுதான். அதை அழுத்தினால் ஊருக்கே போகும் என்பது அவர் மண்டையில் கடைசிவரை ஏறவில்லை. ‘உங்க ஊர்ப் பக்கம் நல்ல கருப்பட்டி கிடைக்குமா அம்மிணி’ என்று ரோஸ்மேரியிடம் ரகசியமாகக் கேட்க நினைத்து, குரூப் முழுவதையும் கேட்டுவிட்டார். ஐந்தாறு பேர் கருப்பட்டி வாங்கித் தருவதாக எழுதினார்கள். மனிதர் ஒரு மாதம் மெயில் பக்கமே வரவில்லை.

இந்தக் குரூப்புக்கு ஒரு வியாதி உண்டு. அது திருப்பூருக்கே உரிய வியாதி. தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் முக்கால்வாசிப்பேர் கம்பெனி மாறிவிடுவார்கள். நிறையப் பேர் சேர்ந்திருந்ததோ கம்பெனி விலாசத்தில். ஆள் மாறினால் விலாசம் செத்துப்போகும், மெயில் திரும்பி வரும். அதனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் பிறகு ரோஸ்மேரி ஞாயிற்றுக்கிழமைகளில் டெலிபோன் பூத்தில் உட்கார்ந்து ஒவ்வொருத்தராகத் தேடுவாள். ‘அந்த மெர்ச்சண்டைசர் தம்பி இப்ப எந்தக் கம்பெனில இருக்காரு?’ தெரிந்தவரைக் கேட்டு, அவருக்குத் தெரிந்தவரைக் கேட்டு, ஆளைப் பிடித்துப் புது விலாசத்தைச் சேர்த்துவிட்டுத்தான் அடங்குவாள். இதை யாரும் அவளிடம் செய்யச் சொல்லவில்லை. செய்கிறாள் என்றும் யாருக்கும் தெரியாது. குரூப் தானாக ஓடுகிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு அந்தக் குரூப்தான் எல்லாமும். கம்பெனியில் பேப்பர் கோக்கிறவள், குரூப்பில் ‘ரோஸ்மேரி அக்கா’. சர்ச் வாசலில், பஸ்ஸில், முன்பின் தெரியாத யாராவது வந்து ‘அக்கா, நான் குரூப்ல இருக்கேன்’ என்று சொல்லும்போது அவள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

இரண்டாயிரத்து ஐந்தில் ஆறுச்சாமியின் மகன் தரணீதரன் லண்டனில் படிப்பை முடித்து வந்து கம்பெனியில் உட்கார்ந்தான். நல்ல பையன்தான், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. வேலைக்காரர்களைக்கூட வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவான். குரூப்பைப் பற்றிக் கேள்விப்பட்டு, ரோஸ்மேரியின் மேஜைக்கே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

“அக்கா, இந்த மெயில் குரூப்பெல்லாம் பழசாயிருச்சுங்க. நாம ஒரு போர்டு போட்டுரலாமுங்க. மெசேஜ் போர்டு. வெப்சைட் மாதிரிங்க, எல்லாரும் அதுலயே எழுதிக்கலாம். டையிங்குக்கு ஒரு பகுதி, ஸ்டிச்சிங்குக்கு ஒரு பகுதி. போட்டோ போடலாம். பழைய கேள்வியத் தேடி எடுத்துக்கலாம். இப்பப் பாருங்க, ஒரே கேள்விய வருசா வருசம் புதுசாக் கேக்கறாங்க.”

அவன் சொன்னதில் தப்பில்லை. ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருவது அவளுக்கும் சலிப்பாகத்தான் இருந்தது. இருந்தாலும் சொன்னாள்.

“மெயில்னா இருக்குற எடத்துக்கே வந்துருதுங்க தம்பி. போர்டுன்னா நாம தேடிப் போகணுமே. ஆபீஸ்ல வெப்சைட்ட அடைச்சு வச்சிருக்காங்களே.”

“பிரவுசிங் சென்டருதான் தெருவுக்கு ஒண்ணு இருக்குதுங்களே அக்கா.”

“மெயில அனுப்பிட்டா யாராலயும் திருப்பி எடுக்க முடியாதுங்க. ஆளுக்கொரு காப்பி இருக்கும். போர்டுல அழிச்சா அழிஞ்சதுதானே?”

தரணீதரன் சிரித்தான். “அதுதானுங்கக்கா நல்லது. கண்டதையும் எழுதுனா எடுத்துப்போடலாமல்லங்க. நீங்கதான் அட்மின். உங்களக் கேக்காம ஒண்ணும் நடக்காதுங்க.”

அட்மின். அந்த ஒரு வார்த்தையில் அவள் விழுந்தாள். போர்டைத் திறந்து காட்டினான். மேலே அவள் பெயர் இருந்தது, பெயருக்குக் கீழே மஞ்சள் நட்சத்திரங்கள் வரிசையாக. பத்து வருடமாக முதலாளியின் கிறுக்கலை இங்கிலீஷாக்கினவளுக்கு யாரும் ஒரு நட்சத்திரம்கூடக் கொடுத்ததில்லை. குரூப்பில் கருத்துக் கேட்டார்கள். பாதிப்பேர் எது என்றாலும் சரி என்றார்கள், மீதிப்பேர் பதிலே போடவில்லை. ரோஸ்மேரி விலாசங்களை மொத்தமாக எடுத்துத் தரணீதரனிடம் கொடுத்தாள். ‘இனி எல்லாரும் போர்டுக்கு வாருங்கள்’ என்று ஒரு கடைசி மெயில் போட்டுவிட்டு, குரூப்பை அப்படியே விட்டாள்.

எல்லாரும் எங்கே வந்தார்கள்? பிரவுசிங் சென்டர் என்றால் திரைச்சீலை தொங்குகிற கேபின். ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிற பெண் ஒருத்தி அதற்குள் நுழைந்து வெளியே வந்தால், அவளைப் பற்றி வார்டனுக்குச் செய்தி அவளுக்கு முன்னால் போய்ச் சேரும். அதனால் பெண்கள் முதலில் நின்றார்கள். ஷிப்ட் முடிந்து சாப்பிடவே நேரமில்லாத பையன்கள் அடுத்து நின்றார்கள். யார் வீட்டில் நெட் இருந்ததோ அவர்கள் வந்தார்கள். அதாவது முதலாளி வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். கண்காட்சிக்குப் போன போட்டோ, புது பைக், விற்பனைக்கு மெஷின், வெளிநாட்டுப் பையர் யார் எந்த ஓட்டலில் இறங்கியிருக்கிறார் என்ற சேதி. போர்டு ஜேஜே என்று இருந்தது. ரோஸ்மேரியின் நட்சத்திரமும் மின்னிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு தீபாவளி போயிற்று. யார் எந்தக் கம்பெனிக்கு மாறினார்கள் என்று தேட வேண்டிய வேலை அவளுக்கு இல்லாமல் போனது. நிம்மதி என்றுதான் நினைத்தாள், பாவம்.

அனுசுயா மட்டும் போர்டை விடவில்லை. சிவகங்கைப் பக்கத்துப் பெண், சாயப்பட்டறை லேப்பில் வேலை. அந்தப் பட்டறை ஆறுச்சாமியின் மச்சினர் பொன்னுச்சாமியுடையது. ரத்தினசாமி அங்கேதான் மாஸ்டர். அனுசுயாவின் அண்ணன் பெரியகருப்பன் அங்கேதான் மெஷின் ஆப்பரேட்டர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ரோஸ்மேரி அவளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போவாள். ரோஸ்மேரி கூட இருந்தால் வார்டன் ஒன்றும் சொல்லமாட்டாள்.

இரண்டாயிரத்து ஏழு, மழை பிடிக்கிற மாதம். அன்று அனுசுயா உட்கார்ந்ததும் சொன்னாள்.

“எக்கா, எங்க மெசின் மூடியில லாக் வேலை செய்யலக்கா. கம்பியப் போட்டுக் கட்டி ஓட்டுறாய்ங்க. எங்கண்ணன் தெனம் அந்த மூடிக்கிட்டதான் நிக்கிது. வேற பட்டறையில இத எப்புடிச் சரிபண்ணுனாய்ங்கன்னு கேட்டு எழுதவாக்கா?”

சாயம் போடும் அந்தப் பெரிய மெஷின் குக்கர் மாதிரிதான். உள்ளே ஆவி அடங்குகிறவரை மூடி திறக்கக் கூடாது. திறக்காமல் பிடித்துவைக்கத்தான் லாக். அதைச் சரிசெய்ய மெஷினை நிறுத்த வேண்டும், சீசனில் எந்த முதலாளி மெஷினை நிறுத்துவார்? அனுசுயா யாரையும் குற்றம் சொல்லி எழுதவில்லை. பட்டறை பெயரைப் போட்டு, லாக்கின் நிலைமையைச் சொல்லி, ‘தெரிந்த மெக்கானிக் யாராவது இருந்தால் சொல்லுங்கள்’ என்று நாலு வரி எழுதினாள். பழைய குரூப்பாக இருந்தால் மத்தியானத்துக்குள் பத்துப் பதில் வந்திருக்கும்.

திங்கட்கிழமை ஆபீசில், வெப்சைட் அடைக்காத தரணீதரனின் கம்ப்யூட்டரில் ரோஸ்மேரி போர்டைத் திறந்து பார்த்தாள். அந்த நாலு வரியைக் காணோம். நேரே அவனிடமே கேட்டாள்.

“நான்தான் எடுத்தேனுங்கக்கா. இப்பல்லாம் பையருங்க நம்ம போர்டப் பாக்கறாங்க. இன்ன பட்டறையில கம்பி கட்டி மெசின் ஓட்டறாங்கன்னு அவங்க படிச்சா நம்மூரு பேரு என்னத்துக்காகுமுங்க? மாமாகிட்ட நான் நேர்லயே சொல்லிட்டேன். இந்த வாரமே சரிபண்ணிருவாங்க.”

“என்னக் கேக்காம எடுக்கமாட்டேன்னு சொன்னீங்களே தம்பி.”

“சொல்லியிருக்கணும், தப்புதானுங்கக்கா. ஸாரிங்க.”

இவ்வளவு பணிவாக ஒருத்தன் மன்னிப்புக் கேட்கும்போது என்ன செய்வது? அவள் நம்பினாள். நம்பியது மட்டும் இல்லை, அனுசுயாவுக்குப் போன் போட்டு, “ஏட்டி, கவலப்படாத, சின்னவரு நேராவே பேசிட்டாராம்ல” என்றும் சொன்னாள். அந்த வார்த்தையை அதற்கப்புறம் எத்தனையோ தடவை அவள் மனசுக்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் அது அவளைச் சுட்டது.

அந்த வாரமும் போனது, அடுத்த வாரமும் போனது. ஒரு நாள் பகல் ஷிப்டில் மூடி திறந்துகொண்டது. பெரியகருப்பன் இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் தூக்கியதால் முகம் தப்பித்தது. கை தப்பவில்லை. தோளிலிருந்து விரல்வரை வெந்துபோயிற்று. கோயம்புத்தூர் பெரியாஸ்பத்திரியில் கிடந்தான். உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னார். விரல்கள் இனி மடங்காது என்றும் சொன்னார். சட்டைப் பட்டனைக்கூட இனிமேல் தங்கச்சிதான் போட்டுவிட வேண்டும்.

பட்டறையில் என்ன சொன்னார்கள் தெரியுமா? அவன் அவசரப்பட்டு மூடியைத் திறந்துவிட்டானாம். டீ குடிக்கப் போகிற அவசரமாம். லாக் நன்றாகத்தான் இருந்ததாம். விபத்து நடந்த அன்றே புது லாக்கை மாட்டிவிட்டு, விசாரிக்க வந்தவர்களுக்கு அதைத் திறந்து மூடிக் காட்டினார்கள். அனுசுயா நான் முன்னாலேயே எழுதினேன் என்று கத்தினாள். எங்கே எழுதினாய், காட்டு என்றார்கள். எதைக் காட்டுவாள்? போர்டில் அப்படி ஒரு வரி இருந்த தடமே இல்லை. கூடப் பிறந்தவள் அண்ணனுக்காகப் பொய் சொல்லத்தான் செய்வாள் என்று பொன்னுச்சாமி வருத்தத்தோடு தலையை ஆட்டினார். மறுநாள் அவள் வேலையும் போனது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அனுசுயா ரோஸ்மேரியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“எங்கண்ணன் மேல தப்புன்னு எழுதிட்டா நஷ்டஈடு ஒண்ணுமே குடுக்க மாட்டாய்ங்களாம்க்கா. அத விடுங்க. டீ குடிக்கப் போற அவசரம்னு சொல்றாய்ங்கள்ல, அதத்தான்க்கா அண்ணனால தாங்க முடியல. கட்டுப்போட்ட கையோட படுத்துக்கிட்டு, நான் டீயே குடிக்க மாட்டேனே அனுன்னு எங்கிட்டச் சொல்லுது.”

அவர்கள் சொல்வது பொய் என்று ஒரே ஒரு ஆள் சொன்னால் போதும். அந்த நாலு வரியைப் படித்த வேறு ஒரே ஒரு ஆள். ரோஸ்மேரி சொன்னால் தோழிக்காகச் சொல்கிறாள் என்று தள்ளிவிடுவார்கள். ரோஸ்மேரி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, இரண்டு வருடமாகத் தொடாமல் கிடந்த பழைய குரூப்பைத் திறந்தாள். அனுசுயா எழுதியதை ஞாபகத்திலிருந்து எழுதி, நடந்ததைச் சொல்லி, ‘போர்டில் இதைப் படித்தவர்கள் தயவுசெய்து பதில் போடுங்கள்’ என்று எல்லாருக்கும் அனுப்பினாள்.

மெயில்கள் திரும்பி வர ஆரம்பித்தன. இந்த விலாசம் இல்லை, இந்த விலாசம் இல்லை, இந்த விலாசம் இல்லை. திரை நிறைந்து, கீழே இறங்கி, இன்னும் வந்துகொண்டே இருந்தது. இரண்டு தீபாவளி. அவள் தேடிப் பிடித்துச் சேர்க்காமல் விட்ட இரண்டு தீபாவளி. அத்தனை பேரும் எங்கெங்கோ போய் உட்கார்ந்துவிட்டார்கள். சொந்தமாக விலாசம் வைத்திருந்த ஒரு கைப்பிடி ஆட்கள்தான் மிச்சம். கம்பெனி விலாசத்தில் உயிரோடு இருந்தது ஒன்றே ஒன்று. அவள் வேலை பார்க்கிற ஆறுச்சாமி கம்பெனியின் விலாசம்.

அந்தக் கைப்பிடி ஆட்களிடமிருந்து பதிலும் வந்தது. ‘அக்கா, நான் படித்தேன். என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.’ ‘படித்த ஞாபகம் இருக்கிறது அக்கா, ஆனால் எனக்குக் குழந்தைகள் இருக்கிறார்கள்.’ குரூப் மெயிலுக்கு ரிப்ளை போட்டால் தானாக எல்லாருக்கும் போகும். இவர்கள் மெனக்கெட்டு அந்த விலாசத்தை அழித்துவிட்டு, ரோஸ்மேரியின் விலாசத்தை அடித்து அனுப்பியிருந்தார்கள். கருப்பட்டிக்கு அத்தனை பேரும் கூட்டத்தில் வாய் திறந்தவர்கள்தான். இப்போது ஒவ்வொருத்தரும் காதோடு காதாக வந்து, நான் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ரோஸ்மேரிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

மறுநாள் காலை கம்பெனி மெயிலைத் திறந்தபோது ரத்தினசாமியின் பதில் அதில் இருந்தது.

‘அம்மிணி, அந்தப் பொண்ணு எழுதியதை நானும் படித்தேன். லாக் கெட்டது நிஜம். முதலாளியிடம் நானே இரண்டு தடவை சொன்னேன். சீசன் முடியட்டும் மாஸ்டர் என்றார். கம்பி கட்டியது அவர் சொல்லித்தான். கருப்பன் மேல் தப்பே இல்லை. மனசு கேட்காமல் உங்களிடம் மட்டும் சொல்கிறேன். என் பெயர் வெளியே வரக் கூடாது.’

அவர் வழக்கம்போல ரிப்ளையை அழுத்தியிருந்தார்.

பத்து மணிக்கு ரத்தினசாமியின் போன் வந்தது. யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

“அம்மிணி, அது எல்லாத்துக்கும் போயிருச்சாமா? அதத் திருப்பி எடுத்துப்போடுங்க அம்மிணி. மூத்த புள்ளைக்கு இப்பத்தான் மாப்பிள பாத்திருக்குது. என்னைய வெளிய அனுப்பிட்டா இந்த வயசுல எவன் வேலைக்கு வெப்பான்?”

“மெயிலத் திருப்பி எடுக்க முடியாதுங்கய்யா.”

அவள் பெருமையாகச் சொல்லித் திரிந்த அதே வார்த்தை. அனுப்பிவிட்டால் யாராலும் திருப்பி எடுக்க முடியாது. சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். வைத்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது, இந்த மெயிலைத் திருப்பி எடுக்கத் தேவையே இல்லை. அது போன இடமெல்லாம் செத்த விலாசம். உயிரோடு இருக்கிற கைப்பிடி ஆட்கள் தங்கள் நிழலுக்கே பயப்படுகிறவர்கள், மூச்சு விடமாட்டார்கள். மிச்சம் இந்தக் கம்பெனி விலாசம் ஒன்றுதான். இதில் வந்ததை அவள் அழித்துவிட்டால் ரத்தினசாமிக்கு ஒன்றும் ஆகாது. பெரியகருப்பன் மட்டும் டீ குடிக்கப் போன அவசரக்காரனாகவே ஊருக்குத் திரும்புவான்.

ரத்தினசாமியின் மெயிலை மறுபடி திறந்தாள். பிறகு பிரிண்ட் கொடுத்தாள். மேலே ரத்தினசாமியின் பதிலும் கீழே அவளுடைய மெயிலும் ஒரே தாளில் வந்தன. ஓட்டை போட்டு, ஃபைலில் எல்லாவற்றுக்கும் மேலாகக் கோத்து, முதலாளி மேஜையில் கொண்டுபோய் வைத்தாள்.

ஆறுச்சாமி படித்தார். காபி ஆறிப்போயிற்று. மணியடித்து அவளைக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவே இல்லை.

“உக்காருங் அம்மிணி. ஏனுங், இது எத்தன பேத்துக்குப் போயிருக்குதுங்?”

“எல்லாருக்கும் போயிருச்சுங்கய்யா.”

“பழைய குரூப்புல இருந்த எல்லாத்துக்குமா?”

“ஆமாங்கய்யா. எல்லாக் கம்பெனிக்கும்.”

“பையருங்களுக்கு?”

“அவங்க ஆபீசுங்களும் குரூப்புல இருந்துச்சுங்கய்யா.”

பொய்யை இவ்வளவு நேராக உட்கார்ந்து சொல்ல முடியும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. செத்த விலாசத்துக்குப் போன மெயில் திரும்பி வரும் என்ற விஷயம் தெரிந்த தரணீதரன் அந்த வாரம் ஜெர்மனியில் கண்காட்சியில் இருந்தான். கிழவருக்கு மெயில் என்றால் பேப்பர்தான். திரும்பி வந்த மெயில்களை யாரும் பிரிண்ட் எடுத்து அவர் மேஜையில் வைக்கவில்லை. ஆறுச்சாமி ஃபைலை மூடினார். பிறகு போனை எடுத்து மச்சினரைக் கூப்பிட்டார். “மாப்ள, சேதி ஊரெல்லாம் போயிருச்சு. அந்தப் பையனுக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சு முடிச்சுருங்க” என்றார்.

செய்தார்கள். லாக்கில்தான் கோளாறு என்று ஒத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி செலவு போக ஒரு தொகையும் கொடுத்தார்கள். அனுசுயா அண்ணனைக் கூட்டிக்கொண்டு சிவகங்கைக்குப் போய்விட்டாள். பஸ் ஏறும்போது பெரியகருப்பன் மடங்காத இரண்டு கையையும் சேர்த்து ரோஸ்மேரியைக் கும்பிட்டான். அதைப் பார்க்க முடியாமல் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ரோஸ்மேரியை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. “இத்தன வருசமாக் கம்ப்யூட்டரையே பாத்துக் கண்ணு கெட்டுப்போயிருக்குமுங், பேக்கிங்குக்குப் போங் அம்மிணி” என்று ஆறுச்சாமி கரிசனமாகச் சொன்னார். அவள் சட்டையைப் பாலிதீன் கவரில் போட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறாள். போர்டிலிருந்து அவள் பெயரையும் எடுத்துவிட்டார்கள். அங்கே எதையும் எடுப்பது சுலபம்தான்.

ரத்தினசாமியை அந்தத் தீபாவளியோடு அனுப்பிவிட்டார்கள். போனஸ் கொடுத்து, வேட்டி துண்டு கொடுத்து, மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். சாயப்பட்டறைக்காரர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் சொந்தம். வேறு எந்தப் பட்டறையும் அவரைச் சேர்க்கவில்லை. பெண்ணுக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார் யோசித்துச் சொல்கிறோம் என்றவர்கள் திரும்பி வரவில்லை. அவர் மூலனூருக்கே போய், முருங்கைக்காய் மண்டியில் எடை போட்டுக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

அடுத்த வருடம் பழைய பஸ் ஸ்டாண்டில் ரோஸ்மேரி அவரைப் பார்த்தாள். ஏதோ கல்யாணத்துக்கு வந்துவிட்டு, தாம்பூலப் பையோடு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். ஒளிந்துகொள்ள இடம் தேடினாள். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

“நல்லா இருக்கறீங்களா அம்மிணி?” என்று கேட்டார். கோபமே இல்லை. “நான் உங்களக் கோவிச்சுக்கலீங்க. பட்டன அமுக்குனது என்ற கைதான? ஆனாட்டி ஒண்ணு மட்டும் தெனமும் மனசுல ஓடுமுங்க. அது நெசமாலுமே எல்லாத்துக்குமா போச்சுங்? ஒருத்தர் ரெண்டு பேத்துக்குப் போயி அப்படியே அடங்கிப்போயிருக்காதான்னு நெனச்சுக்குவேன்.”

அவர் ஊர்ப் பக்கம் போகிற தாராபுரம் பஸ் வந்து நின்றது. அவர் ஏறாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாருக்கும் போயிருச்சுங்கய்யா” என்றாள் ரோஸ்மேரி.